சிறைக்கு முன்னே ஒரு வாசல்

தில்லியில் முப்பது ஆண்டுகளாக வழக்கறிஞர் தொழில் செய்து வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நம் தமிழ்த் தாய் ஒருவர் என்னிடம் வந்து, "சார், பையன் ஒண்ணும் விக்கலை. கையில ஒரு கஞ்சாப் பொட்டலம், அவ்வளவுதான். மூணு மாசமா உள்ள இருக்கான்" என்று அழுதார்.

போதைப்பொருள் வழக்கு என்றதுமே 'கடத்தல்காரன்' என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1985ஆம் ஆண்டுச் சட்டம் 2001இல் திருத்தப்பட்டபோது, அளவுக்கேற்ற தண்டனை வந்தது. கஞ்சா 1 கிலோவுக்கும், ஹெராயின் 5 கிராமுக்கும் குறைவு என்றால் 'சிறிய அளவு'. அதற்கு அதிகபட்சம் ஓராண்டுச் சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அந்தப் பையனுக்கு ஜாமீன் கிடைத்திருந்தது. ஆனால் உள்ளூர்க்காரர் ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்றார்கள். வாடகை வீட்டுக் குடும்பத்துக்கு யார் நிற்பார்? இதே கேள்வியை 1978இல் மோதிராம் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுப்பினார். சாந்தினி சௌக்கில் பிடிபடும் தமிழன் என்ன செய்வான் என்றே அந்தத் தீர்ப்பு கேட்கிறது! அதைக் காட்டி வாதிட்டு, ஊரிலிருந்து வந்த தாய்மாமனையே பிணையாக ஏற்க வைத்தோம்.

அதற்குள் பையனின் வேலை போயிருந்தது. 'முலாகாத்' நாளெல்லாம் தாய்க்குக் கூலி இல்லை. தோடும் அடகுக்குப் போயிற்று. கஞ்சா மட்டுமே தெரிந்து உள்ளே போனவன், ஹெராயின் கிடைக்கும் இடத்தையும் தெரிந்துகொண்டு வெளியே வந்தான். அரசுக்கு மட்டும் லாபமா? 2022 கணக்குப்படி நாட்டுச் சிறைகளில் 100 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 131 பேர். நால்வரில் மூவர் விசாரணைக் கைதிகள். அத்தனை பேருக்கும் சோறும் காவலும் நம் வரிப்பணம்தான்.

இதற்கு மாற்றுவழி சட்டத்திலேயே இருக்கிறது. போதைக்கு அடிமையானவர் பயன்படுத்திய குற்றத்திலோ சிறிய அளவு வழக்கிலோ சிக்கினால், தாமாகவே முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், பிரிவு 64ஏ வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடலாம். குற்றவாளி எனத் தீர்ப்பான பிறகும், அவர் சம்மதித்தால், சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பப் பிரிவு 39 இடம் தருகிறது.

"நாலு பேருக்குத் தெரிஞ்சா மானம் போயிடுமே" என்று மூடி மறைக்காதீர்கள். பிள்ளையின் போக்கில் மாற்றம் தெரிந்தால் முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வக்கீலைத் தேடி வரும் நிலை வராமலே போகலாம்.