உப்பில்லாக் கண்டம்: நாய்க்குக் கறி காயவைக்கும் அறிவியல்

புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்பகுதி திருமயம், அரிமளம், பொன்னமராவதி வழியாகச் செட்டிநாட்டோடு கலந்துவிடுகிறது. கண்மாயையும் வானத்தையும் நம்பி வாழும் இந்த மண்ணில் வெயிலுக்கு மட்டும் பஞ்சமே வந்ததில்லை. பங்குனி பிறந்தால் மொட்டைமாடிகளில் மோர்மிளகாய் காயும், கொத்தவரை வற்றல் காயும், வடகம் காயும். கிடாவெட்டு முடிந்து கறி மிஞ்சினால் அதையும் விடமாட்டார்கள். எலும்பு நீக்கி, கீற்றாக அரிந்து, உப்பும் மஞ்சளும் பிசறி, நூலில் கோத்துக் கொடியில் தொங்கவிட்டால் சில நாளில் உப்புக்கண்டம் தயார். கிழக்கே ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் கரைகளில் அதே உப்பும் அதே வெயிலும் சேர்ந்து மீனைக் கருவாடாக்குகின்றன.

நாய் வளர்ப்பவர்களுக்கு இன்று கடைகளில் காய்ந்த கறித்துண்டுகள் பாக்கெட்டில் கிடைக்கின்றன. பழக்குவதற்கும் பாராட்டுவதற்கும் ஒவ்வொரு துண்டாகக் கொடுப்பார்கள். பாக்கெட்டின் விலையைப் பார்ப்பவர்களுக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. காலங்காலமாகக் கறி காயவைத்த ஊரில் இதை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

வாங்க வேண்டியதில்லை, வீட்டிலேயே செய்யலாம். ஆனால் நமக்குப் போட்ட உப்புக்கண்டத்தை நாய்க்குக் கொடுக்கக் கூடாது. உப்பை மட்டும் விட்டுவிட்டு, மற்றபடி அதே முறையில் காயவைக்கவும் கூடாது. முதல் தவறு நாயைப் பாதிக்கும். இரண்டாவது தவறு நாயோடு சேர்த்து வீட்டையே பாதிக்கும்.

உப்பு என்ன செய்கிறது?

கொழுப்பில்லாத பச்சைக்கறியில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். கறி கெடுவதும் கெடாததும் அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை மட்டும் பொறுத்ததல்ல. அந்தத் தண்ணீரில் எவ்வளவு நுண்ணுயிர்களின் கைக்கு எட்டுகிறது என்பதையும் பொறுத்தது. உணவு அறிவியலார் இதை நீர்ச் செயல்பாடு என்கிறார்கள். சுத்தமான தண்ணீருக்கு இதன் அளவு 1. பச்சைக்கறிக்கு சுமார் 0.99. இந்த எண் 0.91க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பெருக முடியாது. பிடிவாதக்காரக் கிருமியான ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஏறத்தாழ 0.86 வரை தாக்குப்பிடிக்கும். பூஞ்சைகள் இன்னும் கீழே, 0.7 வரையிலும் அதற்குக் கீழும்கூட வளரும்.

வெயில் இந்த எண்ணை மெல்ல மெல்லத்தான் குறைக்கும். உப்போ கறியில் பட்ட உடனேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது. தண்ணீரைத் தன்வசம் இழுத்துக்கொண்டு, கறி இன்னும் ஈரமாக இருக்கும்போதே கிருமிகளுக்குத் தண்ணீர் கிடைக்காமல் செய்கிறது. முதல் நாள் வெயிலில் பாதி காய்ந்த கண்டம் இரவு முழுக்க வீட்டுக்குள் கிடந்தும் கெடாமல் தப்புவது இதனால்தான்.

உப்பை எடுத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். 5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரை கிருமிகள் பெருகும் வெப்பநிலை. சித்திரை மாதத்து 40 டிகிரி வெயில் நமக்குக் கொடுமையாகத் தெரியலாம். சால்மோனெல்லாவுக்கு அது மிகவும் பிடித்தமான சூடு. வசதியான சூழலில் ஒரு பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும் என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரத்தில் அந்த ஒன்று ஒன்றரைக் கோடியைத் தாண்டிவிடும். உப்பில்லாத கறியை வெயிலில் மட்டும் காயவைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

நாய்க்கு எவ்வளவு உப்பு நஞ்சு?

உப்போடு கொடுத்தால் என்ன ஆகும்? ஒரு கிலோ கறிக்கு 50 கிராம் உப்பு போட்டதாகக் கொள்வோம். கறி காய்ந்து தண்ணீர் வெளியேறினாலும் உப்பு அப்படியே தங்கிவிடும். கடைசியில் கைக்கு வரும் சுமார் 350 கிராம் கண்டத்தில் ஏழில் ஒரு பங்கு உப்பு.

நாயின் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 2 முதல் 3 கிராம் உப்பு உள்ளே போனால் நச்சு அறிகுறிகள் தோன்றலாம். வாந்தி, தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு என்று அது முற்றும். 4 கிராம் அளவில் உயிரே போகலாம். 10 கிலோ நாய் ஒன்று, ஜாடி திறந்திருக்கும் நேரத்தில் 150 கிராம் கண்டத்தைத் தின்றுவிட்டால் 20 கிராமுக்கு மேல் உப்பு உள்ளே போய்விடும். அபாய எல்லை தொடங்குவது அங்கேதான். குடிக்கத் தண்ணீர் கிடைக்காவிட்டால் நிலைமை இன்னும் மோசம். சிறுநீரகமோ இதயமோ பழுதான நாய்க்கு இதைவிட மிகக் குறைந்த உப்பே கெடுதல்.

மசாலாவில் சேரும் வெங்காயமும் பூண்டும் இன்னொரு ஆபத்து. இவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகையை உண்டாக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் ரத்தத்தில் மாற்றத்தை ஏற்படுத்தப் போதும். வதக்கினாலும் வேகவைத்தாலும் காயவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சின்ன வெங்காயத்தை அள்ளிப் போடும் நம் ஊர்க் குழம்பில் நாய்க்குச் சோறு பிசைந்து வைப்பதையும் இதோடு சேர்த்து நிறுத்திவிடுவது நல்லது.

முதலில் வேகவைக்க வேண்டும்

உப்பு இல்லாத இடத்தில் கறியைக் காக்கக்கூடியது சூடு. அந்தச் சூட்டை எந்தக் கட்டத்தில் கொடுக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

1995இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், வீட்டில் காயவைத்த மான்கறியைத் தின்ற 11 பேர் ஈ.கோலை ஓ157 என்ற கொடிய கிருமியால் நோயுற்றார்கள். கறி பல மணி நேரம் உலர்த்தியில் இருந்திருந்தது. பிறகு ஆராய்ந்து பார்த்ததில், 63 டிகிரி சூட்டில் 10 மணி நேரம் உலர்த்தினாலும் அந்தக் கிருமி பிழைத்துவிடும் என்று தெரியவந்தது.

63 டிகிரியில் சாக வேண்டிய கிருமி எப்படிப் பிழைத்தது? மண்பானையில் தண்ணீர் குளிர்கிற அதே இயற்பியல்தான் காரணம். ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. சுற்றிலும் காற்று 63 டிகிரியில் இருந்தாலும், ஈரம் வடிந்துகொண்டிருக்கும் வரை கறியின் சூடு அதைவிடக் குறைவாகவே இருக்கும். ஈரம் தீர்ந்து கறி சூடேறும் நேரத்தில் கிருமியும் தன் பங்குக்கு உலர்ந்துபோயிருக்கும். உலர்ந்த கிருமி, ஈரமான கிருமியைவிட அதிகச் சூட்டைத் தாங்கும்.

அதனால்தான் அமெரிக்க வேளாண் துறை, கறியை முதலில் ஈரமான சூட்டில் வேகவைத்துவிட்டுப் பிறகு உலர்த்தச் சொல்கிறது. ஆடு, மாடு என்றால் கறியின் உட்பகுதி 71 டிகிரியை எட்ட வேண்டும். கோழி என்றால் 74 டிகிரி. நம் வீட்டு இட்லிப் பானை இதற்கென்றே செய்ததுபோல அமையும். ஐந்து மில்லிமீட்டர் கனத்தில் அரிந்த கீற்றுகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, தண்ணீர் கொதித்த பிறகு கால் மணி நேரம் ஆவியில் வைத்தால் இந்த அளவு தாராளமாகக் கிடைத்துவிடும்.

செய்முறை

கோழியின் நெஞ்சுக்கறி அல்லது ஆட்டுத்தொடைக் கறி நல்லது. கொழுப்பைக் கண்ணில் பட்டவரை நீக்கிவிட வேண்டும். கொழுப்பு காயாது, காற்றோடு சேர்ந்து சிக்கு வாடை பிடிக்கும். கொழுப்பு மிகுந்த உணவு நாயின் கணையத்தையும் தாக்கலாம். கறியை ஒரு மணி நேரம் பிரீசரில் வைத்து எடுத்தால் கத்திக்குப் படிந்து சீராக அரியவரும். நாருக்குக் குறுக்கே அரிந்தால் எளிதில் உடையும், வயதான நாய்க்கு ஏற்றது. நாரின் போக்கில் அரிந்தால் மெல்லுவதற்கு நேரமெடுக்கும்.

ஆவியில் வெந்த கீற்றுகளின் ஈரத்தைத் துடைத்துவிட்டு, மின் அடுப்பிலோ உலர்த்தியிலோ 60 முதல் 70 டிகிரியில் கம்பித் தட்டில் பரப்புங்கள். ஈரக்காற்று வெளியேற அடுப்பின் கதவைச் சற்றே திறந்து வைக்கலாம். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டக் கூடாது. மேற்புறம் ஓடுபோல இறுகி, உள்ளே ஈரம் சிறைப்பட்டுவிடும். வெளியே காய்ந்ததாகத் தோன்றினாலும் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

போதுமான அளவு காய்ந்துவிட்டதா என்று கண்ணால் மட்டும் முடிவு செய்யாதீர்கள், தராசையும் பயன்படுத்துங்கள். ஒரு கிலோ பச்சைக்கறியில் திடப்பொருள் சுமார் 250 கிராம். காய்ந்த கறி 300 கிராமுக்கு இறங்கினால் அதில் மிச்சம் சுமார் 50 கிராம் தண்ணீர்தான். அப்போது கீற்றை வளைத்தால் விரிசல் விடும், ஆனால் பட்டென்று ஒடியாது. கடைசியாக, முன்கூட்டியே 135 டிகிரிக்குச் சூடேற்றிய அடுப்பில் 10 நிமிடம் வைத்து எடுப்பது கூடுதல் பாதுகாப்பு.

வெயிலில்தான் காயவைப்பேன் என்பவர்கள், வேகவைத்த கறியை மேகமில்லாத நாளில் காலையிலேயே கொசுவலைக்குள் பரப்ப வேண்டும். ஈ உட்கார்ந்தால் வேகவைத்த பலன் வீண். மாலைக்குள் எடை இறங்காவிட்டால் இரவு குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மறுநாள் தொடரலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதற்கு முயலவே வேண்டாம். மின் அடுப்பில்லாத வீட்டுக்கு எளிய வழி ஒன்று உண்டு. வேகவைத்த கறியைப் பொடித்துண்டுகளாக்கி பிரீசரில் வைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை எடுத்துக் கொடுங்கள். நாய்க்கு அதுவும் விருந்துதான்.

காய்ந்த கறியை ஆறவைத்து, காற்றுப்புகாத கண்ணாடிப் புட்டியில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உப்போ பதப்படுத்தும் பொருளோ இல்லாத பண்டம் இது. சிறிய அளவில் செய்து சீக்கிரம் தீர்ப்பதே முறை.

கடைப் பாக்கெட்டும் கவனமும்

வீட்டில் செய்வதற்கு விலையைத் தவிர வேறு காரணமும் இருக்கிறது. 2007 முதல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகத்துக்கு நாய்களுக்கான காய்ந்த கறித்துண்டுகளைப் பற்றிப் புகார்கள் குவிந்தன. அவற்றில் பெரும்பாலானவை சீனாவிலிருந்து இறக்குமதியானவை. 2015 இறுதிக்குள் சுமார் 5,200 புகார்கள். 6,200க்கும் மேற்பட்ட நாய்கள் நோயுற்றதாகவும் 1,140க்கும் மேற்பட்டவை இறந்ததாகவும் பதிவாயின. பல நாய்களுக்கு, சர்க்கரை சிறுநீரில் வெளியேறும் ஃபன்கோனி என்ற சிறுநீரகக் கோளாறு காணப்பட்டது. பல ஆண்டுகள் ஆராய்ந்தும் ஒற்றைக் காரணத்தை உறுதிசெய்ய முடியவில்லை. எங்கிருந்து வந்த கறி, அதில் என்ன சேர்ந்தது என்பது தெரிந்திருப்பதன் மதிப்பை இது காட்டுகிறது.

எவ்வளவு கொடுக்கலாம்?

மனிதனுக்கு மிஞ்சிய கொழுப்பற்ற கறிதான் ஓநாயை அவன் அருகே கொண்டுவந்திருக்கலாம் என்று ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 2021இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். பனியுகக் குளிரில் வெறும் புரதத்தை மட்டும் தின்று மனித உடலால் ஓட்ட முடியாது. மிஞ்சியதை ஓநாய்க்குக் கொடுத்திருப்பார்கள் என்பது அவர்கள் வாதம். ஆனால் பிறகு நாய் மாறிவிட்டது. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகளே இருக்க, நாய்களிடம் 4 முதல் 30 பிரதிகள் வரை இருப்பதை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. கிடைக்குக் காவலிருக்கும் நம் நாட்டுநாய் சோற்றைத் தின்று செரிப்பது இந்த மாற்றத்தால்தான்.

ஆகவே காய்ந்த கறி நாய்க்குச் சாப்பாடு ஆகாது. கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அதை மட்டுமே கொடுத்தால் எலும்பு பலவீனமாகும். இத்தகைய தின்பண்டம் நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் அளவு. 15 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி தேவை. அதில் பத்தில் ஒரு பங்கு என்பது ஏறத்தாழ 20 கிராம் காய்ந்த கோழிக்கறி. சுண்டுவிரல் நகம் அளவுக்குத் துண்டாக்கினால் ஒரு நாள் பழக்கத்துக்கு அதுவே நிறைய. ஈரலில் வைட்டமின் ஏ மிகுதி என்பதால் அதை எப்போதாவது கொடுத்தால் போதும்.

பச்சை ஈரல் வேண்டாம்

கறி காயவைக்காதவர்களுக்கும் இந்த அறிவியலில் ஒரு பாடம் உண்டு. கிடாவெட்டு நடக்கும் இடத்திலும் கறிக்கடை வாசலிலும் கட்டி விழுந்த ஈரலையும் நுரையீரலையும் பச்சையாக நாய்க்கு வீசுவது நம் பழக்கம். அந்தக் கட்டிக்குள் எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் இளம்பருவம் இருக்கலாம். நாயின் குடலில் அது சில மில்லிமீட்டர் நீளப் புழுவாக வளர்ந்து முட்டையிடும். நாய்க்கு வெளியே ஒன்றும் தெரியாது. மலத்தோடு வரும் முட்டைகள் மண், கீரை, கை வழியாக மனித வயிற்றுக்குள் போனால், ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாகி ஆண்டுக்கணக்கில் வளரும். பலருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படும். நாயோடு விளையாடும் குழந்தைகள் இதற்கு எளிதில் ஆளாவார்கள். சால்மோனெல்லாவும் அப்படித்தான்: நாய் நோயின்றித் திரியும், வீட்டில் உள்ளவர்கள் படுப்பார்கள்.

இந்தச் சங்கிலியை அறுக்கப் பெரிய செலவில்லை. கட்டியுள்ள உறுப்புகளை நாய்க்கு எட்டாதபடி ஆழமாகப் புதைக்க வேண்டும். அல்லது அரை மணி நேரம் கொதிக்கும் நீரில் போட வேண்டும். கால்நடை மருத்துவமனையில் காட்டி நாய்க்குக் காலம் தவறாமல் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். கறியைக் கெடாமல் காக்கும் வித்தை இந்த மாவட்டத்துப் பெண்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கைவந்தது. அந்தக் கைப்பக்குவத்தோடு ஒரு தெர்மாமீட்டரும் ஒரு தராசும் சேர்ந்தால், வீட்டைக் காக்கும் நாய்க்கும் அது காக்கும் வீட்டுக்கும் கெடுதலில்லாத தின்பண்டம் இங்கேயே தயாராகும். உப்பை விடுங்கள், வேகவைப்பதை விடாதீர்கள்.