தண்டவாளமும் கால்வாயும் முடியும் இடத்தில்

நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரிக்குப் போகும் ரயில், சுசீந்திரத்தைத் தாண்டிய சிறிது நேரத்தில் கடைசி நிலையத்தில் நின்றுவிடும். அதற்கப்பால் கடல்தான். வழியெல்லாம் நெல்வயல், தாமரைக்குளம், தென்னந்தோப்பு. இடையிடையே கல் நட்ட வீட்டுமனைகள்.

திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய நாஞ்சில் நாடு இது. 1956இல் தமிழகத்தோடு இணையும் முன்பே இங்கு விளைந்த நெல் திருவனந்தபுரம் பக்கம் போனது. ரயில் வந்ததோ 1979இல்தான். இன்று அதே தண்டவாளத்தில் ரேஷன் அரிசி சரக்கு ரயிலேறி நாகர்கோவிலில் வந்து இறங்குகிறது. களஞ்சியத்துக்கே வெளியூர் அரிசி!

மனை விலை, கூலி, ஆள் தட்டுப்பாடு எல்லாம் தெரிந்த காரணங்கள். அகஸ்தீஸ்வரம் வட்டத்தின் கடைமடை விவசாயிக்கு இவற்றோடு நாள் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையை வழக்கமாக ஜூன் முதல் தேதி திறக்கிறார்கள். மேல்மடை நனைந்து, குளங்கள் பெருகி, கடைமடைக்குத் தண்ணீர் எட்டுவதற்குள் நாற்று முற்றிவிடுகிறது. முற்றிய நாற்று தூர் கட்டாது. கன்னிப்பூ அறுவடை அக்டோபருக்குத் தள்ளினால் வடகிழக்குப் பருவமழையில் மாட்டும். 17 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்கத் தயங்குவார்கள். சங்கிலி அதோடு அறுவதில்லை. கும்பப்பூ நடவும் தாமதமாகி, பிப்ரவரி முடிவில் அணை அடைக்கும்போது கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் நிற்கும்.

ஆகவே கடைமடையில் கன்னிப்பூவுக்கு நீண்ட வயது ரகம் வேண்டாம். 110 முதல் 120 நாளில் முடியும் அம்பை 16, திருப்பதிசாரம் 5 போதும். கிணறோ குளமோ உள்ள ஒருவர் வயலில் நாலைந்து பேர் சேர்ந்து நாற்றங்கால் போடலாம். எல்லா விதையையும் ஒரே நாளில் விதைக்காமல், ஒரு வாரம் இடைவெளி விட்டு இரண்டு தவணையாக விதைத்தால், தண்ணீர் எப்போது வந்தாலும் 20 நாள் வயதை ஒட்டிய நாற்று கையில் இருக்கும். தாமதம் கடந்துவிட்டால், சேற்றுழவு செய்து முளைகட்டிய விதையை நேரடியாக விதைப்பது நாளை மிச்சப்படுத்தும். களை அதிகம் வரும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

கிளைக்கால்வாய் தூர்வாருவதை ஜூனில் கேட்டுப் பயனில்லை. மார்ச் மாத விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலேயே, எந்த மடை, எத்தனை ஏக்கர் என்று எழுதி மனுவாகக் கொடுங்கள்.