வழமைக்குத் திரும்புதல்: முடக்கத்தின் பின்னரான தோட்ட வாழ்வு பற்றிய சில குறிப்புகள்

கொவிட் பெருந்தொற்றுக் காலத்தைப் பற்றி எழுதுவோர் பலரும் அதனை இரு பகுதிகளாக வகுத்துக்கொள்வர். வாழ்க்கை நின்றுபோன காலம் ஒன்று. அது மெல்ல மெல்ல மீண்ட காலம் மற்றொன்று. நகர மாந்தரின் அனுபவத்துக்கு இப்பகுப்பு ஓரளவு பொருந்தும். நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை, பொகவந்தலாவை முதலிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களுக்கும் அது பொருந்துமா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினாவாகும். அங்கு எது நின்றது, எது நிற்கவில்லை, நின்றவை எவ்வாறு மீண்டன என்பவற்றை நோக்குமிடத்து, 'வழமை' என்னும் சொல்லையே நாம் மீண்டும் ஆராயவேண்டியவராகிறோம்.

முதலில் நிற்காததை நோக்குவோம். 2020 மார்ச் 20 ஆம் திகதி மாலை நாடளாவிய ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. எனினும் சில நாள்களுக்குள்ளேயே தேயிலைத் துறைக்கு விலக்களிக்கப்பட்டது. தேயிலை காத்திருக்கும் பயிரன்று. குறித்த நாள் இடைவெளியில் பறிக்காவிடின் கொழுந்து முற்றிவிடும். பறித்த கொழுந்தும் காலந்தாழ்த்தாது தொழிற்சாலையைச் சேரவேண்டும். ஆகவே விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் கூடுவதும், மலையேறுவதும், மடுவத்தில் கொழுந்து நிறுப்பதும் தொடர்ந்தன. 1883 முதல் கொழும்பில் நேரடியாக நடைபெற்றுவந்த தேயிலை ஏலம் 2020 ஏப்ரலில் இணையவழிக்கு மாறியது. வாங்குவோர் தம் இல்லத்திலிருந்தே விலை கூற முடிந்தது. இல்லத்திலிருந்து கொழுந்து பறிக்க முடியாது. 'வீட்டில் இருங்கள்' என்ற அறிவுறுத்தல் எந்த வர்க்கத்தின் வாழ்நிலையை மனத்திற்கொண்டு கூறப்பட்டது என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

அவ்வறிவுறுத்தலைப் பின்பற்றக்கூடிய வீடுதான் அங்கு உண்டா என்பதும் கேட்கத்தக்கதே. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான லயக் காம்பராக்களில் இன்றும் பல குடும்பங்கள் வாழ்கின்றன. பொதுவான குழாயும் பொதுவான மலகூடமும் பல லயங்களில் உள்ளன. இத்தகைய இடத்தில் தனிமனித இடைவெளி நடைமுறைக்கு ஒவ்வாதது. தொற்று ஏற்பட்டபோது தனிமனிதர் அல்லர், லயமே, சிலவேளைகளில் தோட்டப் பிரிவு முழுவதுமே தனிமைப்படுத்தப்பட்டமை இதன் விளைவாகும்.

நின்றுபோனது எது? தோட்டத்துக்கும் வெளியுலகுக்கும் இடையிலான தொடர்பே நின்றுபோனது. இன்றைய தோட்டக் குடும்பம் தேயிலையை மட்டும் நம்பி வாழ்வதன்று. தாய் கொழுந்து பறிக்க, பிள்ளைகள் கொழும்பிலும் பிற நகரங்களிலும் கடை, உணவகம், ஆடைத் தொழிற்சாலை, வீட்டுவேலை என்பவற்றில் உழைத்து அனுப்பும் பணத்தோடுதான் பல குடும்பங்களின் அடுப்பு எரிகிறது. ஊரடங்கு வந்ததும் இவ்விளைஞரிற் பலர் வேலையிழந்து வீடு திரும்பினர். வேறு பலர் நகரங்களிலேயே அகப்பட்டுக்கொண்டனர். திரும்பியோருக்குத் தோட்டத்தின் செக்றோலில் பேர் இல்லை. ஆகவே உண்போர் தொகை கூடிற்று, வருமானமோ குறைந்தது. நுவரெலியாவின் ஏப்ரல் வசந்தகால விழாவும் அவ்வாண்டு நடைபெறவில்லை. சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமும் இடையில் முறிந்தது. இவற்றை நம்பியிருந்த முச்சக்கரவண்டி ஓட்டுநரும் சிறு வியாபாரிகளும் ஆண்டின் முக்கிய வருவாயை இழந்தனர்.

இத்தொடர்புகள் ஒரே நாளில் மீளவில்லை. 2020 மே 26 இல் மாவட்டங்களுக்கிடையிலான போக்குவரத்து அனுமதிக்கப்பட்டது. யூன் 28 இல் ஊரடங்கு முற்றாக நீக்கப்பட்டது. ஹற்றன் நகரக் கடைகள் திறந்தன, பஸ்கள் ஓடின, இளைஞர் மீண்டும் கொழும்புக்குப் புறப்பட்டனர். ஆனால் ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையை மையமாகக் கொண்டு இரண்டாம் அலை எழுந்தது. நவம்பர் 11 முதல் 15 வரை மேல் மாகாணத்தை விட்டு வெளியேறுவது தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டுத் தீபாவளி நவம்பர் 14 ஆம் திகதி. தோட்ட மக்களுக்குத் தீபாவளி என்பது பிரிந்திருக்கும் குடும்பம் ஒன்றுகூடும் நாள் என்பதை அறிந்தோர், இத்தடை எத்தகைய வெறுமையைத் தந்திருக்கும் என்பதை விளங்கிக்கொள்வர். பின்னர் 2021 ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நாடு மீண்டும் முடக்கப்பட்டது.

இவ்விடத்தில் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தல் தகும். தனிமைப்படுத்தல் இம்மக்களுக்குப் புதியதன்று. தமிழகத்திலிருந்து வந்த இவர்களின் முன்னோர் பலர், காலராவும் அம்மையும் பரவும் என்ற அச்சத்தால் மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்ட பின்னரே இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். தோட்டத்தினுள்ளும் அவர்கள் அடைபட்டே வாழ்ந்தனர். தோட்டம் தனியார் நிலமாதலின் வெளியார் உட்புகத் துரையின் அனுமதி வேண்டப்பட்டது. தொழிற்சங்கவாதிகள் அத்துமீறிப் பிரவேசித்தோராக நடத்தப்பட்டனர். 1948 இன் குடியுரிமைச் சட்டம் அரசியல் வாழ்விலிருந்தும் இவர்களை ஒதுக்கியது. இவ்வேலிகளைத் தாண்டுவதற்கு அவர்களுக்குத் துணைநின்றவை பாடசாலையும் பாதையும் நகரத் தொழிலுமே. பெருந்தொற்று தடுத்தவையும் இவையே. தொழிலாளி தோட்டத்தினுள் உழைத்துக்கொண்டிருக்க, வெளிச்செல்லும் வழிகள் மட்டும் அடைபடும்போது பழைய தோட்ட அமைப்பின் சாயல் மீண்டும் தோன்றுகிறது. பஸ்ஸும் பாடசாலையும் மீள்வதை வெறும் வசதி மீள்வதாக நாம் கருதாமைக்கு இதுவே காரணம்.

இவற்றுள் மிகத் தாமதமாக மீண்டது கல்வியாகும். 2020 மார்ச் நடுப்பகுதியில் மூடப்பட்ட பாடசாலைகள் யூலையில் படிப்படியாகத் திறந்து, ஒக்டோபரில் மீண்டும் மூடப்பட்டன. இவ்வாறு திறப்பதும் மூடுவதுமாக ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழிந்தது. கல்வி கைத்தொலைபேசிக்கு மாறியபோது, வீட்டில் ஒரு தொலைபேசியேனும் இல்லாத பிள்ளைகள் புறத்தே விடப்பட்டனர். இருந்த பிள்ளைகள் அலைவரிசை தேடி மேட்டுநிலங்களுக்கு ஏறினர். 2021 யூலையில் ஆசிரியர்கள் தமது சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினர். அவர்தம் கோரிக்கை நியாயமானதே. எனினும் மாற்றுவழி எதுவுமற்ற தோட்டப் பிள்ளைக்கு அதன் சுமை மிகுந்தது. ஒக்டோபர் 21 இல், 200 இலும் குறைந்த மாணவரைக் கொண்ட பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகளே முதலில் திறக்கப்பட்டன. தோட்டப்புறச் சிறு பாடசாலைகள் பல இவ்வகையின. கட்டடம் திறந்தமை உண்மை. ஆயின் இடைக்காலத்தில் வேலைக்குச் சென்ற பிள்ளை வகுப்புக்குத் திரும்பியதா என்பது வேறு வினா. 2021 யூலையில் மலையகச் சிறுமி ஒருவர் கொழும்பில் வீட்டுவேலையில் இருந்த காலத்தில் தீக்காயமுற்று இறந்தமை நாடெங்கும் எதிர்ப்பை எழுப்பியபோது, இவ்வினாவின் பாரதூரம் பலருக்கும் தெரியவந்தது.

பொருளாதார நிலையும் பழைய இடத்துக்கு மீளவில்லை. நெடுங்காலக் கோரிக்கையான 1000 ரூபாய் நாட்சம்பளம், சம்பள நிர்ணய சபையின் வழியாக 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வெளிவந்தது. ஆனால் பறிக்கவேண்டிய கொழுந்தின் அளவு உயர்த்தப்படுவதாகவும், அவ்வளவை எட்டாதோருக்கு அரைப்பேரே போடப்படுவதாகவும் பல தோட்டங்களில் தொழிலாளர் முறையிட்டனர். அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டபோதிலும் செடிகள் ஏற்கெனவே தளர்ந்திருந்தன. 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. கொழுந்து குறைந்தால் தொழிலாளியின் பேரும் குறையும். அதே 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. ரொட்டியை அன்றாட உணவாகக் கொண்ட குடும்பங்களில் கோதுமை மாவின் விலையேற்றம் உண்ணும் வேளைகளையே குறைத்தது. நோயின் முடக்கம் நீங்குவதற்கும் விலைவாசியின் முடக்கம் தொடங்குவதற்கும் இடையில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மாதங்களே.

இனி 'வழமை' என்னும் சொல்லுக்கு வருவோம். தொற்றுக்கு முந்திய 2019 ஆம் ஆண்டில், அரசாங்கக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களுள் 14.3 வீதத்தினர் வறியோர், தோட்டத்துறையிலோ 33.8 வீதத்தினர். மூவரில் ஒருவர் வறியவராக இருந்த நிலையே மீளவேண்டிய வழமை எனில், அம்மீட்சியை வெற்றியெனக் கொண்டாடுவதற்கில்லை. மக்கள் தம்மளவில் வாழ்வை மீட்டெடுத்த ஆற்றல் பெரிது. கோயில் திருவிழாக்கள் மீண்டும் நடைபெற்றன. பிள்ளைக்காம்பராக்களில் குழந்தைகளின் குரல் கேட்டது. தீபாவளிக்கு இளைஞர் ஊர் வந்தனர். இவ்வாற்றலைப் போற்றுவது வேறு; அதனைக் காரணங்காட்டி அரசும் கம்பனிகளும் தம் பொறுப்பைக் கைகழுவுவது வேறு. லயத்துக்குப் பதிலாகக் காணியுரிமையோடு கூடிய வீடு, இடைவிலகிய பிள்ளைகளைத் தேடிச் சேர்க்கும் கல்வி ஏற்பாடு, விலைவாசியோடு இணைந்த சம்பளம் ஆகிய மூன்றும் பெருந்தொற்றுக்கு முன்னரே கோரப்பட்டவை. முடக்ககால அனுபவம் அக்கோரிக்கைகளின் அவசரத்தை மேலும் தெளிவாக்கியிருக்கிறது. மலையக வாழ்வை ஆராய்வோர், 2019 இன் நிலை எவ்வளவு மீண்டது என்பதை மட்டுமன்றி, அந்நிலையிலிருந்து எவ்வளவு முன்னேறினோம் என்பதையும் அளவுகோலாகக் கொள்ளுதல் அவசியமாகும்.