இடுப்பு வலியா? சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள்! எலும்பு டாக்டரிடம் எப்போது போக வேண்டும்?

தாம்பரம்,

"சுளுக்கு தான், ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்."

காலையில் எழுந்ததும் இடுப்பை பிடித்துக்கொண்டு இப்படி சொல்லிவிட்டு வேலைக்கு கிளம்புபவர்கள் தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, வண்டலூர் பகுதிகளில் ஏராளம். மூட்டை தூக்குபவர்கள், கட்டிட வேலை செய்பவர்கள், நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கும் மெப்ஸ் கம்பெனி தொழிலாளர்கள், ஷேர் ஆட்டோ டிரைவர்கள் என்று பலருக்கும் இந்த வலி பழகிப்போன ஒன்று.

பெரும்பாலும் அது சுளுக்காகத்தான் இருக்கும். சில நாள் ஓய்வு எடுத்தால் போய்விடும். ஆனால் வாரக்கணக்கில் போகாத வலி வேறு கதை. அதை மாத்திரை போட்டே ஓட்டினால் மூட்டே போய்விடும் ஆபத்து இருக்கிறது.

எது இடுப்பு?

நம் ஊரில் முதுகின் அடிப்பகுதி வலித்தாலும் இடுப்பு வலி என்கிறோம். பின்பக்க சதை வலித்தாலும் இடுப்பு வலி என்கிறோம். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

உண்மையான இடுப்பு மூட்டு என்பது தொடை எலும்பின் மேல் முனை, இடுப்பு எலும்பில் உள்ள குழியில் பொருந்தும் இடம். கிண்ணத்துக்குள் பந்து உருளுவது போல அது வேலை செய்கிறது. உட்கார, எழ, நடக்க, படி ஏற எல்லாவற்றுக்கும் இந்த பந்துதான் சுழல வேண்டும்.

இந்த மூட்டு கெட்டால் பலருக்கு வலி முதுகில் தெரியாது. கவட்டை எனப்படும் தொடை இடுக்கில்தான் பெரும்பாலும் தெரியும். முன்பக்க தொடையில் இறங்கும். சிலருக்கு முழங்காலில் மட்டும் வலிக்கும். முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்து, தைலம் தேய்த்து மாதங்கள் ஓடியபிறகு, கோளாறு இடுப்பு மூட்டில் என்று தெரியவருவதும் உண்டு.

இடுப்பின் வெளிப்பக்கம் வலித்து, அந்த பக்கம் ஒருக்களித்து படுக்க முடியாவிட்டால் அது பெரும்பாலும் தசைநார் வலி. முறையான உடற்பயிற்சியில் குறையும். பின்பக்கத்தில் ஆரம்பித்து பாதம் வரை மின்சாரம் பாய்வது போல இழுத்தால், அது பெரும்பாலும் முதுகெலும்பில் நரம்பு அழுத்தப்படுவதால் வருவது.

வீட்டிலேயே பார்க்கலாம்

இடுப்பு மூட்டில் கோளாறு இருக்கிறதா என்பதற்கு சில அடையாளங்களை நாமே கவனிக்கலாம்.

* தரையில் சம்மணம் போட்டு உட்கார முடிகிறதா? போன மாதம் முடிந்தது, இந்த மாதம் ஒரு கால் மட்டும் மடங்க மறுக்கிறதா?

* பேண்ட் போட காலை தூக்கும்போதும், செருப்பு வாரை மாட்ட குனியும்போதும் கவட்டையில் பிடிக்கிறதா?

* பஸ்சில், ஷேர் ஆட்டோவில் ஏறும்போது காலை கையால் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறதா?

* "ஏங்க, ஒரு மாதிரி சாய்ஞ்சு நடக்கிறீங்களே" என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்கிறார்களா? நொண்டி நடப்பது நடப்பவருக்கு தெரியாது. பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

இதில் ஒன்று இருந்தாலும், ஓய்வு எடுத்தும் 2 வாரத்தில் குறையாவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். நொண்டல் இருந்தாலோ, கால் மடங்குவது குறைந்துகொண்டே போனாலோ எலும்பு மூட்டு நிபுணரையே பார்ப்பது நல்லது.

இளைஞர்களையும் தாக்கும்

மூட்டு தேய்மானம் வயதானவர்களுக்கு வருவது. ஆனால் 20 முதல் 50 வயதுக்குள் உள்ளவர்களை தாக்கும் நோய் ஒன்று இருக்கிறது. டாக்டர்கள் அதை ஏ.வி.என். என்று சுருக்கமாக சொல்கிறார்கள்.

தொடை எலும்பின் பந்து போன்ற பகுதிக்கு போகும் ரத்த ஓட்டம் தடைபடும்போது, அந்த எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக செத்துப்போகிறது. பிறகு உடல் எடையை தாங்க முடியாமல் பந்து நசுங்கி அமுங்கிவிடும். பலருக்கு இரண்டு பக்கமும் வரும்.

அதிக மதுப்பழக்கமும், ஸ்டீராய்டு மருந்தும் இதற்கு முக்கிய காரணங்கள். விபத்தில் இடுப்பு மூட்டு விலகியவர்களுக்கும், அங்கே எலும்பு முறிந்தவர்களுக்கும் வரலாம். சிலருக்கு காரணமே தெரியாது. கொரோனாவுக்கு ஸ்டீராய்டு சிகிச்சை பெற்ற சிலருக்கு இந்த நோய் வந்ததை 2021-ம் ஆண்டு மும்பை டாக்டர்கள் மருத்துவ இதழில் எழுதினார்கள்.

இதில் ஒரு முக்கியமான விஷயம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். "எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்று நிம்மதியாக இருந்துவிடக்கூடாது. வலி தொடர்ந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவையா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். அதில்தான் ஆரம்ப நிலையிலேயே தெரியும்.

பந்து அமுங்குவதற்கு முன்பு கண்டுபிடித்தால், எலும்பில் துளை போட்டு அழுத்தத்தை குறைக்கும் சிறிய ஆபரேஷன் மூலம் சொந்த மூட்டை காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. அமுங்கிய பிறகு போனால் பெரும்பாலும் செயற்கை மூட்டுதான் வழி.

1962-ம் ஆண்டு இங்கிலாந்தில் டாக்டர் ஜான் சார்ன்லி கொண்டுவந்த முறைதான் இன்றைய செயற்கை இடுப்பு மூட்டு ஆபரேஷனுக்கு அடிப்படை. வலி போகும், நன்றாக நடக்கலாம். ஆனால் மூட்டை தூக்குவது போன்ற கடும் வேலையை தவிர்க்கத்தான் டாக்டர்கள் சொல்வார்கள். தோளில் மூட்டை ஏற்றினால்தான் கூலி என்று இருப்பவருக்கு, சில மாத தாமதம் தொழிலையே பறித்துவிடும்.

மாத்திரை ஜாக்கிரதை

"அண்ணே, இடுப்பு வலிக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கி விழுங்குவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. வலி மாத்திரையை நாள் கணக்கில் சாப்பிட்டால் வயிற்றில் புண் வரும், கிட்னி பாதிக்கும். பெயர் தெரியாத கலர் மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், வலி உடனே பறந்துவிடும். ஆனால் எலும்பு உள்ளே கெடலாம்.

அதே சமயம், ஆஸ்துமா போன்ற நோய்க்கு டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டை பயந்துபோய் திடீரென்று நிறுத்தக்கூடாது. அதுவும் ஆபத்து. டாக்டரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

எலும்பிலும் டி.பி.

தாம்பரம் சானடோரியம் என்றதும் டி.பி. ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வரும். 1928-ம் ஆண்டு டாக்டர் சவுரிமுத்து தொடங்கி, பிறகு அரசு எடுத்துக்கொண்ட ஆஸ்பத்திரி அது. ஆனால் டி.பி. நுரையீரலுக்கு மட்டும் வரும் நோய் அல்ல. இடுப்பு மூட்டுக்கும் வரும்.

கவட்டை வலியுடன் மாலை நேர காய்ச்சல், பசியின்மை, உடல் இளைப்பு, இரவில் வலியால் தூக்கம் கெடுவது ஆகியவை இருந்தால் தள்ளிப்போடக்கூடாது. டி.பி. மருந்து அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். எலும்பு டி.பி.க்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ சாப்பிட வேண்டியிருக்கும். பாதியில் விடக்கூடாது. முன்பு புற்றுநோய் வந்தவர்களுக்கு இடுப்பில் புது வலி வந்தாலும் உடனே காட்ட வேண்டும்.

உடனே ஓட வேண்டியது எப்போது?

* வயதானவர்கள் பாத்ரூமில் வழுக்கி விழுந்து எழ முடியாமல், கால் வெளிப்பக்கம் திரும்பி, நீளம் குறைந்து தெரிந்தால் எலும்பு முறிந்திருக்கலாம். எண்ணெய் தேய்ப்பது, இழுத்து கட்டு போடுவது கூடாது. 108 ஆம்புலன்சை கூப்பிட வேண்டும். சிலர் எலும்பு விரிந்த நிலையிலும் மெல்ல நடப்பார்கள். எனவே நடக்கிறாரே என்று விட்டுவிடக்கூடாது.

* குழந்தைக்கு காய்ச்சல் அடித்து, ஒரு காலை ஊன்ற மறுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு தூக்கிச்செல்ல வேண்டும். மூட்டில் சீழ் பிடித்தால் ஒரு நாள் தாமதம் கூட மூட்டை கெடுக்கலாம்.

* காய்ச்சல் இல்லாவிட்டாலும், குழந்தை நொண்டினால் அல்லது முழங்கால் வலி என்று அடிக்கடி சொன்னால் இடுப்பையும் சேர்த்து பரிசோதிக்க சொல்ல வேண்டும்.

* முதுகு, இடுப்பு வலியுடன் சிறுநீர் போக முடியாமல், உட்காரும் இடம் மரத்துப்போனால் அது நரம்பு ஆபத்து. நேராக அவசர சிகிச்சை பிரிவுக்கு போக வேண்டும்.

எங்கே போவது?

தாம்பரம் அரசு ஆஸ்பத்திரி, செங்கல்பட்டு அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி, சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ்காந்தி அரசு ஆஸ்பத்திரி ஆகியவற்றில் எலும்பு டாக்டரை பார்க்கலாம். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளர்கள் தங்கள் டிஸ்பென்சரியில் எழுதி வாங்கிக்கொண்டு கே.கே.நகர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு போகலாம்.

ஆண்டு வருமானம் ரூ.1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் உள்ள குடும்பங்கள் முதல்-அமைச்சர் காப்பீட்டு திட்டத்தில் சேரலாம். செயற்கை இடுப்பு மூட்டு ஆபரேஷனும் அதில் வருகிறது. செலவுக்கு பயந்து வலியை மறைக்க தேவையில்லை.

டாக்டரிடம் போகும்போது பழைய எக்ஸ்ரே, சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துச்செல்ல வேண்டும். குடிப்பழக்கம் இருந்தால் மறைக்கக்கூடாது. எங்கே வலிக்கிறது என்று வாயால் சொல்வதை விட, விரலால் தொட்டு காட்டுவது நல்லது. அதிலேயே பாதி விஷயம் டாக்டருக்கு புரிந்துவிடும்.

சிகிச்சை முடியும்வரை கைத்தடி பிடிப்பவர்கள், வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்க கையில் பிடிக்க வேண்டும். அப்போதுதான் மூட்டில் பாரம் குறையும்.

ஒரு நாள் கூலி போனால் மறுநாள் சம்பாதிக்கலாம். அமுங்கிப்போன எலும்பு திரும்ப வராது.