செடிமுருங்கையில் கொழுந்து கிள்ளும் பருவம்

முருங்கையைப் போத்தாக வெட்டி நட்டு மரமாக வளர்ப்பதே நம் குடியானவர்களின் பழைய வழக்கம். இப்பொழுது தோட்டக்கால்களில் பெரிதும் பயிராவது, விதை ஊன்றிய ஆறு மாதத்திற்குள் காய் பறிக்கத் தொடங்கும் செடிமுருங்கையாகும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989ஆம் வருஷத்தில் வெளியான பி.கே.எம். 1 என்னும் ரகம் இவ்வினத்தில் நன்கு அறியப்பட்டது.

மரமுருங்கையைக் கழிக்க இவ்வருஷம் தவறினால் அடுத்த வருஷம் செய்துகொள்ளலாம். செடிமுருங்கைக்கோ அத்தகைய அவகாசம் இல்லை. கிள்ளினாலும் கிள்ளாவிட்டாலும் அது 90 முதல் 100 நாட்களில் பூக்கத் தொடங்கிவிடும். ஆகையால் கிள்ளவேண்டிய வேலையை அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே முடித்தல் அவசியம்.

கிள்ளுவதன் பயன் யாதெனில், செடியின் நுனிக் கொழுந்தில் உண்டாகும் ஒருவகைச் சத்து கீழ்நோக்கி இறங்கி, கணுக்களிலுள்ள மொட்டுகளைத் துளிர்க்கவொட்டாமல் தடுக்கின்றது. நுனி இருக்கும்வரை செடி ஒற்றைத் தண்டாக உயர்ந்துகொண்டே போகும். நுனியை நீக்கினால் உறங்கிய மொட்டுகள் விழித்துப் பக்கக் கிளைகள் பல தோன்றும். முருங்கை புதிய கிளைகளிலேயே பூங்கொத்து விடுவதால், கிளை பெருகினால் காயும் பெருகும்.

செடி இரண்டரை அடி, அதாவது 75 சென்டிமீட்டர் உயரம் வந்தவுடன் கிள்ளுதல் வேண்டும். இவ்வளவு உயரம் சாதாரணமாக விதைத்த இரண்டு மாதத்தில் வந்துவிடும். எல்லாச் செடிகளும் ஒரே நாளில் இவ்வுயரம் அடையமாட்டா. ஆதலால் நாட்கணக்கை மட்டும் நம்பாமல், இரண்டரை அடிக் குச்சி ஒன்றைக் கையில் கொண்டு வரிசைதோறும் அளந்து பார்ப்பதே உசிதம். இளந்தண்டு நகத்திற்கே இணங்கும், அரிவாள் தேவையில்லை. நுனிக் கொழுந்தை மாத்திரம் கிள்ளுக, இலைகளை உருவலாகாது. வாடி நிற்கும் செடிக்கு முதலில் நீர் பாய்ச்சித் தெளிந்தபின் கிள்ளுதல் நலம்.

பருவம் தப்பியபின் அவசரப்பட்டுக் கிளைகளைக் குறைப்பது பெருந்தவறு. பூமொட்டு தோன்றிய கிளையை வெட்டினால் அவ்வருஷத்துக் காயையே வெட்டியதாகும். கிள்ளாமல் விட்டதோ நெடிதுயர்ந்து நிற்கும். முருங்கை மரம் மெல்லியது. ஆனி, ஆடியில் விதைத்து ஓங்கவிட்ட செடிகள் ஐப்பசி, கார்த்திகை மாதத்துக் காற்றில் எளிதில் முறியும். முறியாது நின்றவற்றின் உச்சிக் காய்கள் கைக்கெட்டாமல் முற்றி வீணாகும். இரண்டரை மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 640 செடிகள் கொள்ளும். செடிக்குப் பத்துக் காய் இவ்விதம் வீணாயினும் ஏக்கருக்கு 6,400 காய்கள் நஷ்டமென்பதைக் கணக்கிட்டுப் பார்க்க.

அறுவடை முழுதும் தீர்ந்தபின் செய்யவேண்டிய வெட்டு வேறு. அப்பொழுது தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், கூரிய கருவியால், மழைநீர் தங்காதபடி சாய்வாகத் தண்டை வெட்டிவிட வேண்டும். வெட்டுவாயில் போர்டோ பசை தடவினால் அழுகல் அணுகாது. பிறகு தொழு உரமும் இரசாயன எருவும் இட்டு நீர் பாய்ச்சினால், புதுக்கிளைகள் தழைத்து நான்கைந்து மாதத்தில் மறுபடியும் காய்க்கும். இவ்வாறு மறுதாம்பாக மூன்று வருஷம்வரை பலன் பெறலாம்.

இதில் ஐயமுடையோர் தமது தோட்டத்தில் இரண்டு வரிசைகளை மட்டும் கிள்ளாமல் விட்டு, மற்றவற்றுடன் காய்களை எண்ணி ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக. கிராம உத்தியோகஸ்தர்களும் பயிர் பார்வையிடச் செல்லுங்கால், இரண்டு மாதத்துச் செடிகளைக் கண்டவிடத்து இதனை ஞாபகப்படுத்துவது குடிகளுக்குப் பேருதவியாகும். கூலியோ கருவியோ அதிகம் வேண்டாத இவ்வேலைக்கு வேண்டியது உரிய நாளில் ஒரு காலை நேரமே.