பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாளே பள்ளி வாசல்களில் பெற்றோர் கூடிவிடுகிறார்கள். பதினொன்றாம் வகுப்பு விண்ணப்பத்தில் 'விரும்பும் பாடப்பிரிவு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெயரையும் முகவரியையும் கவனமாக எழுதுகிறவர்கள், அந்தக் கட்டத்தை மட்டும் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டு நிரப்புகிறார்கள். இரண்டு ஆண்டு கழித்து, கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பிள்ளைக்குத் தகுதியே இல்லை என்பது தெரிகிறது. ஒவ்வோர் ஆண்டும் இப்படிச் சிலர் கலங்கிப்போய் வந்து நிற்கிறார்கள். அப்போது யாராலும் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

முதலில், ஃபர்ஸ்ட் குரூப், செகண்ட் குரூப் என்ற பேச்சை நம்பாதீர்கள். இந்த வரிசை எண் பள்ளிக்குப் பள்ளி மாறும். மொத்தம் ஆறு பாடம், 600 மதிப்பெண். தமிழும் ஆங்கிலமும் போக மீதி நான்கு பாடங்கள் எவை என்று கேளுங்கள். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் என்றால் பொறியியலுக்கும் போகலாம், நீட் எழுதி மருத்துவத்துக்கும் போகலாம். உயிரியலுக்குப் பதிலாகக் கணினி அறிவியல் என்றால் பொறியியல் உண்டு, மருத்துவம் இல்லை. பிளஸ் டூவுக்குப் பின் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் அறிவித்தது உண்மைதான். ஆனால் அதை நம்பி இன்று உயிரியலை விடுவது புத்திசாலித்தனம் அல்ல. கணிதம் இல்லாமல் தாவரவியலும் விலங்கியலும் எடுத்தவருக்குத் தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் இடமில்லை. அங்கே தரவரிசையே கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குத்தான் கணக்கிடப்படுகிறது. வணிகவியல் பிரிவில் இருக்கும் வணிகக் கணிதம் அந்தக் கணிதம் ஆகாது. இதைப் பலமுறை சொல்லியும், 'மேத்ஸ் இருக்கே சார்' என்று வந்து நிற்பவர்கள் குறையவில்லை.

அதற்காக எல்லாரும் உயிரியல்-கணிதப் பிரிவில் போய் விழ வேண்டும் என்பதில்லை. சி.ஏ. படிக்கவும், ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரவும் எந்தப் பிரிவும் போதும். கணிதத்தில் தட்டுத்தடுமாறித் தேறிய பிள்ளையை உறவுக்காரர் பிள்ளைக்குப் போட்டியாக அறிவியல் பிரிவில் தள்ளுவது கொடுமை. பதினொன்றாம் வகுப்புக் கணிதம் பத்தாம் வகுப்பைவிடப் பெரிய ஏற்றம். சேர்க்கைக்கு முன் அந்த வகுப்பின் கணித, இயற்பியல் பாடநூல்களை இரவல் வாங்கி, பிள்ளை கையில் கொடுத்து ஒரு வாரம் புரட்டச் சொல்லுங்கள். அதன்பின் அந்தப் பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்.

அரசுப் பள்ளியில் பிள்ளையைப் படிக்க வைக்கும் பெற்றோர் இனி வருவதை நிதானமாகப் படிக்க வேண்டும். நல்ல மதிப்பெண் வாங்கிய அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தேடித் தனியார் பள்ளி ஆட்கள் வீட்டுக்கே வருகிறார்கள். கட்டணம் வேண்டாம், விடுதி இலவசம், நீட் பயிற்சியும் உண்டு என்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. பதினொன்றில் தனியார் பள்ளிக்கு மாறினால் ஒதுக்கீடு போயிற்று. அரசு உதவிபெறும் பள்ளிக்கு மாறினாலும் போயிற்று. மறுபடி சொல்கிறேன்: உதவிபெறும் பள்ளி இந்த ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளி ஆகாது. தனியார் பள்ளிக்கு மாறினால், கல்லூரிக்குப் போகும்போது புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் வரும் மாதம் 1000 ரூபாயும் போய்விடும்.

பயிற்றுமொழியை மாற்றுவதிலும் இதே ஆபத்து. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பின், பள்ளியிலிருந்தே தொடர்ச்சியாகத் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பதினொன்றில் ஆங்கில வழிக்கு மாறுகிறவர், பிளஸ் டூவோ பட்டமோ தகுதியாகக் கேட்கும் பணிகளில் அதை விட்டுக்கொடுக்கிறார். தெரிந்து விடுங்கள், தெரியாமல் விடாதீர்கள்.

அடுத்தது, கேட்ட பிரிவைத் தர மறுக்கும் பள்ளிகள். நூறு சதவீதத் தேர்ச்சிக் கணக்குக்காக, பத்து வரை தன்னிடமே படித்த பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பும் பள்ளிகளும் உண்டு. வாய்மொழியாக மறுத்தால் வாய்மொழியாகவே திரும்பி வராதீர்கள். எந்தப் பிரிவு கேட்டீர்கள், மதிப்பெண் என்ன, வகுப்புவாரி ஒதுக்கீட்டில் எந்தப் பிரிவு என்று ஒரு பக்கத்தில் தலைமையாசிரியருக்கு மனு எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அரசு, உதவிபெறும் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையில் இட ஒதுக்கீட்டைப் பின்பற்றியாக வேண்டும். தலைமையாசிரியர் அசையவில்லை என்றால் மேலே முறையிடுங்கள்: அந்தப் பள்ளிகள் என்றால் மாவட்டக் கல்வி அலுவலர் (இடைநிலை), மெட்ரிக் போன்ற தனியார் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்). இரண்டும் தனித்தனி அலுவலகங்கள். மாறிப்போனால் 'இங்கே இல்லை, அங்கே போ' என்று அலைக்கழிப்பார்கள், ஒரு வாரம் வீணாகும். அங்கும் அசையவில்லை என்றால் முதன்மைக் கல்வி அலுவலர். அவருக்கும் மேல், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள். அங்கே மனுவுக்குப் பதிவு எண் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் பதிலுக்கு 30 நாள் அவகாசம் இருக்கிறது. அதற்குள் சேர்க்கை முடிந்துவிடும், ஆகவே அதை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

பள்ளி மாறுகிறவர்கள் மாற்றுச் சான்றிதழோடு நின்றுவிடாதீர்கள். கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் பழைய பள்ளி பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி சேர்த்துக்கொள்ள முடியும். அதைச் செய்துவிட்டார்களா என்று அங்கேயே நின்று கேளுங்கள். கட்டண பாக்கியைக் காட்டி மாற்றுச் சான்றிதழை மறிக்கக் கூடாது, பாக்கி விவரத்தை அதில் எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. பத்தாம் வகுப்பு முடிவு வரும் முன்பே முன்பணம் கேட்கும் பள்ளியிடம் கட்டண நிர்ணயக் குழுவின் ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் விசாரியுங்கள்: அந்தப் பள்ளி பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை முழுதாக நடத்துகிறதா? பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிவிட்டு நேரே பன்னிரண்டை நடத்தும் வழக்கத்தைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-இல் அதை நீக்குவதாக அரசு அறிவித்துவிட்டது. பழைய வழக்கம் திரும்பலாம். நீட், ஜே.இ.இ. இரண்டிலும் பதினொன்றாம் வகுப்புப் பாடம் வருகிறது.

சேர்ந்தபின் பிரிவு ஒத்துவரவில்லை என்று பிள்ளை சொன்னால், காலாண்டுத் தேர்வு வரை பார்ப்போம் என்று தள்ளிப்போடாதீர்கள். பள்ளி திறந்த முதல் சில வாரங்களில் தலைமையாசிரியர் மட்டத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். அந்த வாரங்கள் போய்விட்டால் மாற்றுவது மிகக் கடினம். பத்தில் ஒரு பாடம் போனவர்களும் துணைத் தேர்வு எழுதி அதே ஆண்டு பிளஸ் ஒன் சேரலாம். முடிவு வந்ததும் துணைத் தேர்வுக்கு விண்ணப்பியுங்கள்.