பால் குறைந்தால் திருஷ்டி மட்டும்தானா? மடியைப் பாருங்கள்!



கிள்ளான், காப்பார், பந்திங் வட்டாரத் தோட்டங்களில் ஒரு காலத்தில் லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை இருப்பது சகஜம். இன்றும் ஒன்றிரண்டு பசுவை வைத்துக் குடும்பச் செலவைச் சமாளிப்பவர்கள் உண்டு. அந்தப் பசுவின் பால் திடீரென்று குறைந்தால், "கண்ணு பட்டிருச்சு" என்று மிளகாய் சுற்றிப் போடுகிறோம். போடுங்கள், பாதகமில்லை. ஆனால் மடியையும் பாருங்கள்.

காம்பின் நுனியில் ஒரு சின்ன வாசல் இருக்கிறது. கறந்த பிறகு அது இறுக மூடிக்கொள்ள அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் மாடு சாணத்தில் படுத்தால் கிருமி உள்ளே புகுந்துவிடும். உடனே இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் மடிக்குள் இறங்கிக் கிருமியோடு போராடும்.

நோயில்லாத மடியின் பாலில், ஒரு மில்லிலிட்டருக்கு இந்த அணுக்கள் 1 லட்சத்துக்கும் குறைவாக இருக்கும். 2 லட்சத்தைத் தாண்டினால் கிருமி புகுந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். பண்ணைப் பாலுக்கு ஐரோப்பிய நாடுகள் வைத்திருக்கும் வரம்பு 4 லட்சம்.

மடி வீங்கி, பால் திரிந்து வந்தால் யாருக்கும் தெரியும். வெளியே தெரியாத மடிநோய்தான் அதிகம். பால் பார்க்க நன்றாகவே இருக்கும். அளவு மட்டும் குறைந்துகொண்டே போகும்.

இதைக் கண்டுபிடிக்க 1957-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு சுலபமான சோதனை வந்தது. நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனியாகத் தட்டில் பீய்ச்சி, சம அளவு சோதனை மருந்து ஊற்றிச் சுழற்ற வேண்டும். வெள்ளை அணுக்கள் மிகுந்திருந்தால் பால் சளி போலக் கெட்டியாகும். ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றிப் பழகிய நமக்கு இது புரியாததா? மருந்து கிடைக்காவிட்டால், அரை லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி துணி சோப்புத் தூள் கரைத்துக்கொள்ளலாம். சோதித்த பாலைக் கொட்டிவிடுங்கள்.

செய்ய வேண்டியவை:

1. கறக்கும் முன் கையையும் காம்பையும் கழுவி, உலர்ந்த துணியால் துடையுங்கள். மாட்டுக்கு ஒரு துணி.

2. முதல் இரண்டு பீய்ச்சலைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். தரையில் விடாதீர்கள்.

3. கறந்ததும் காம்பை அதற்கான அயோடின் மருந்தில் முக்கி எடுங்கள்.

4. உடனே தீவனம் போடுங்கள். தின்னும்வரை மாடு நிற்கும், வாசலும் மூடிக்கொள்ளும்.

5. நோயுள்ள மாட்டைக் கடைசியாகக் கறவுங்கள்.

"காய்ச்சிட்டா எல்லாம் செத்துடும்" என்று நினைக்காதீர்கள். கிருமி சாகும், ஆனால் சில கிருமிகள் பாலில் விட்ட நஞ்சு கொதித்தாலும் போகாது. அந்தப் பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். ஊசி போட்ட மாட்டின் பாலையும், டாக்டர் சொல்லும் நாள்வரை வீட்டுக்கும் வேண்டாம், விற்பனைக்கும் வேண்டாம்.

சந்தேகம் வந்த அன்றே கால்நடை இலாகாவுக்குத் தகவல் சொல்லுங்கள். தாமதித்தால் ஒரு காம்பு அடியோடு வற்றிப்போகலாம், நட்டம் நமக்குத்தான்.